பொட்டு வைத்த பி.எஸ்.ஏ.

உலகத்தில் மனிதர்கள் இரண்டு வகை. பி.எஸ்.ஏ. என்றதும் மோட்டார் சைக்கிளை நினைப்பவர்கள், மிதிவண்டியை நினைப்பவர்கள். நான் முதல் வகை. என் மனைவி அனுசுயா இரண்டாம் வகை. வேலூர் மோட்டார் சைக்கிள் சங்கத்துக்காரர்கள் எங்கள் ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை அவளை முதல் வகைக்கு மாற்றிக் காட்டுகிறேன் என்று நான் சபதம் எடுத்தேன். சபதம் எடுப்பதில் நான் கெட்டிக்காரன்.

என் வண்டி வெள்ளைக்காரன் காலத்தது. பள்ளிப்பட்டில் என் மாமா வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடைத்தது. பார்த்தபோது அதன் பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு வண்டியை ஏற்றி வந்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் எஞ்சின் குடியிருந்தது. பிஸ்டன் டி.வி. மேல். செயின் சோபாவுக்கு அடியில். கார்புரேட்டரை நான் அனுசுயாவின் இட்லிப் பானையில் கொதிக்க வைத்தது ஒரே ஒரு தடவைதான். அவள் சொல்லிக்காட்டியது பல தடவை.

திருத்தணி சீமை வண்டிக் கழகம் என்று எங்களுக்கு ஒரு கழகம் உண்டு. தலைவர் ஹேமநாதன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் வீரபத்திரன், பஸ் ஸ்டாண்டு பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். நகரிக்காரர் என்பதால், தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுவதுபோல, என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவார். செயலாளர், பூபாலனாகிய நான். சாதாரண உறுப்பினர் என்று யாரும் கிடையாது. ஞாயிறுதோறும் என் வீட்டில் கூட்டம். முதலில் இட்லி, அடுத்து வடை, நேரம் இருந்தால் எஞ்சின்.

"ஏங்க, ஞாயித்துக்கெழமைன்னா ஊருக்கே லீவு. நான் மட்டும் இன்னா ஓட்டலா நடத்திகினு இருக்கேன்?" என்றாள் அனுசுயா ஒரு நாள்.

"உனக்கும் கழகத்துல ஒரு பதவி குடுத்துடலாம்."

"இன்னா பதவி?"

"உபசரிப்புக் குழுத் தலைவி."

"குழுவுல வேற யாரு?"

"இப்போதைக்கு நீ மட்டும்தான்."

அவள் தலைவியாகவே அடுப்படிக்குப் போனாள்.

போன மாதம் எஞ்சின் உயிர் பெற்றது. அந்தச் சத்தம் இருக்கிறதே, டப், டப், டப் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நெஞ்சில் வந்து விழும். தெருவே கூடிவிட்டது. என் கண் கலங்கியது. ஹேமநாதன் என்னைக் கட்டிப் பிடித்தார். ஒரு வாரம் வண்டி ராஜா மாதிரி ஓடியது. அந்த வேகத்தில் வேலூர்ச் சங்கத்தை எங்கள் ஊருக்கு அழைத்துவிட்டேன். மலையடிவாரத்தில் புறப்பட்டு, பள்ளிப்பட்டு போய்த் திரும்புவது. முதல் வண்டி என் வண்டி.

"மத்தியானச் சாப்பாடு?" என்றாள் அனுசுயா.

"பதினஞ்சு பேர்தான் வராங்க. நீ இருக்கும்போது எனக்கு இன்னா கவலை?"

அவள் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளே பூஜைத் தட்டோடு வந்தாள். இதுவரை சக்களத்தி என்று திட்டிய வண்டிக்கு, டேங்க் மூடியின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து நல்ல பெரிய பொட்டாக வைத்து, மேலே குங்குமமும் இட்டாள். நான் உருகிப்போனேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வண்டி ரயில்வே கேட்டருகே நின்றுவிட்டது.

கழகம் அவசரமாகக் கூடியது. ஹேமநாதன் எஞ்சினில் காதை வைத்துக் கேட்டார். "மேக்னட்டோ. பொறி வரலை."

வீரபத்திரன் மோந்து பார்த்தார். "கார்புரேட்டரு, பாவா."

பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தோம். ததும்பியது. மூடிவிட்டு உதைத்தேன். உடனே கிளம்பியது. மூவரும் கைதட்டினோம். தெருமுனை தாண்டியதும் நின்றது. மறுபடி மூடியைத் திறந்து பார்த்தோம், மூடினோம், உதைத்தேன், ஓடியது, நின்றது. அந்த வாரம் முழுக்க இதே கதை. மேக்னட்டோவைக் கழற்றினோம். கார்புரேட்டரைக் கழற்றினோம். ஹேமநாதன் வீரபத்திரனை 'லேத்துக்காரனுக்கு இன்னா தெரியும்' என்றார். வீரபத்திரன் அவரை 'கொடி ஆட்டினவருக்கு இன்னா தெரியும்' என்றார். கழகமே உடையும் நிலை. பொட்டை மட்டும் யாரும் தொடவில்லை. சாமிக் குத்தம் ஆகிவிடும் அல்லவா?

சனிக்கிழமை மாலை. விடிந்தால் வேலூர்க்காரர்கள். நாங்கள் மூவரும் இழவு வீட்டுக்காரர்கள் போல உட்கார்ந்திருந்தோம். அனுசுயா காபி கொண்டு வந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமாங்க?"

"இது மெஷின் சமாச்சாரம் அனுசுயா. உனக்குப் புரியாது."

"புரியாதுதான். நான் முருகனைப் பத்திச் சொல்ல வந்தேன். மலை எதிர்லயே இருக்குது. எதனா வேண்டிகினீங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

"வண்டி ஓடினா மொட்டை போட்டுக்கறேன்," என்றேன்.

அவள் என் தலையைப் பார்த்தாள். "இருக்கறதத்தாங்க சாமிக்குக் குடுக்கணும்."

"அப்ப காவடி எடுக்கறேன்."

"உங்களுக்கு முட்டி வலிக்குதுன்னு மொட்டை மாடிக்கே நான்தான் போறேன், துணி எடுக்க."

"வேற இன்னாதான் குடுக்கறது?"

"உங்களுக்கு ரொம்பப் பிரியமானதைக் குடுங்க."

"அவருக்குப் பிரியம் ஞாயித்துக்கெழமைங்க," என்றார் வீரபத்திரன். நல்ல மனிதர். வாய்தான் எமன்.

"அதையே குடுத்துடுங்க," என்றாள் அனுசுயா. "வண்டி ஓடினா, நாளையிலருந்து ஞாயித்துக்கெழமை சமையலு உங்களுது. கழகமே சேந்து செய்யணும்."

"முருகனுக்கும் சமையலுக்கும் இன்னா சம்பந்தம்?"

"ரெண்டு பொண்டாட்டி கட்டிகினு நல்ல பேரு வாங்கினவருங்க அவரு. பொம்பளை மனசு தெரியும்."

வேறு வழியில்லை. வண்டிக்கு முன்னால் சூடம் ஏற்றி, அதை விரலால் அணைத்து மூவரும் சத்தியம் செய்தோம். ஹேமநாதன் மட்டும் மூன்று முறை ஏற்றி மூன்று முறை அணைத்தார். ரயில்வே வழக்கம் போலிருக்கிறது.

விடியற்காலையில் எழுந்தபோது அனுசுயா ஈரத் துணியால் வண்டியை மேலிருந்து கீழ்வரை துடைத்துக்கொண்டிருந்தாள். "சாமிக்கு வேண்டிகின வண்டி. அழுக்கோட போகலாமா?" என்றாள். முகப்பு விளக்கின் மேல் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

உதைத்தேன். கிளம்பியது. ரயில்வே கேட்டைத் தாண்டியது. நிற்கவில்லை. கரும்புத் தோட்டங்களைத் தாண்டியது. நிற்கவில்லை. எனக்குப் பின்னால் வேலூர்க்காரர்களின் வண்டிகள் வரிசையாக முழங்கின. பள்ளிப்பட்டில் தறியை விட்டு எழுந்து வந்து ஜனங்கள் பார்த்தார்கள். மாமா வீட்டுக் கோழிகள் நாலா பக்கமும் ஓடின. ஹேமநாதனும் வீரபத்திரனும் ஒரே வண்டியில் தோளில் கை போட்டபடி வந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. முருகா, நீயே கதி என்று வாய்விட்டே சொன்னேன்.

திரும்பி வந்ததும் அனுசுயா எங்களை அடுப்படிக்குள் விட்டாள். பிறகு கூடத்தில் வேலூர்க்காரர்களோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் வேலை வடை. புது எண்ணெய் டின். ஆணியால் ஓர் ஓட்டை போட்டு வாணலியில் கவிழ்த்தேன். கொஞ்சம் வந்தது. நின்றது. குலுக்கினேன். கொஞ்சம் வந்தது. நின்றது.

ஹேமநாதன் டின்னில் காதை வைத்துக் கேட்டார். "அடைப்பு."

வீரபத்திரன் மோந்து பார்த்தார். "எண்ண கெட்டி, பாவா."

அனுசுயா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எதிர் மூலையில இன்னொரு ஓட்டை போடுங்க. காத்து உள்ள போனாத்தானே எண்ண வெளிய வரும்? உங்க பெட்ரோல் டேங்க் மூடியில நடுவுல சின்னதா ஒரு ஓட்டை இருக்குதே, அதுவும் அதுக்குத்தானே?"

டேங்க் மூடியின் நடுவில்.

மூவரும் ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தோம். டேங்க் மூடியில் பொட்டு இல்லை, முகப்பு விளக்கின் மேல் இருந்தது. அதற்குப் பின்னால் மலை தெரிந்தது. சூடம் அணைத்த விரல் ஹேமநாதனுக்கு இன்னும் கறுப்பாக இருந்தது.

"நின்னுகினே இருக்காதீங்க, மாவு புளிச்சுடும்," என்றாள் அனுசுயா.

எதிர் மூலையில் ஓட்டை போட்டேன். எண்ணெய் தாராளமாக வந்தது.

கழகத்தின் உபசரிப்புக் குழுவில் இப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். தலைவி பழைய தலைவிதான்.