எழும்பு அண்ணையும் நான் அடித்த வெள்ளையும்

பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் உள்ள வீட்டுக்காரர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாலும், எழும்பு அண்ணையைப்போல் வாடகைக்காரனை ஓயாமல் வெளியேற்றியவர் ஒருவர் கிடைக்க மாட்டார். அதே வாடகைக்காரனை ஒரு தடவைகூட வெளியேற்றாதவரும் அவர்தான். அந்த வாடகைக்காரன் அடியேன்.

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் அவருக்கு மரக்கறிக் கடை. கடைக்கு மேலே அவருக்குச் சொந்தமான ஓர் அறையும் குசினியும், அதில் நான். குழாயை இறுக்கிப் பூட்டவில்லையா, "எழும்படா வீட்டை விட்டு!" மீன் பொரித்த மணம் படியில் இறங்கியதா, "நாளைக்கே எழும்பு!" அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததோ தெரியாது.

வீட்டுச் சுவரெல்லாம் ஓதம். பூஞ்சணம் பிடித்துக் கறுத்து, பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. திருத்த அவரிடம் வசதியில்லை. வருமானம் குறைந்தவர்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு கொடுத்தால், திருத்த வேலைக்கு அரசாங்கம் உதவும் என்று யாரோ சொல்ல, விண்ணப்பித்தார்.

"வருமானம் குறைஞ்சவன் எண்டால் இவனை விட்டால் ஆர் இருக்கினம்?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பெருமையோடு காட்டினார். என் வறுமை ஒருவருக்குப் பயன்பட்டது அதுவே முதல் தடவை. உதவி கிடைக்காவிட்டால் வீட்டை விற்பதைத் தவிர அவருக்கு வழியில்லை, நானும் நடுத்தெருவில்தான்.

இந்த நிலையில், வீட்டைப் பார்வையிட ஓர் அதிகாரி வருகிறார் என்றதும் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? சும்மா இருப்பான். நான் வெள்ளையடித்தேன். வெள்ளைக்காரி வரும்போது வீடு இந்தக் கோலத்தில் கிடந்தால் நம் மானம் என்னாவது? பூஞ்சணம் மறையும்வரை பூசினேன். அதற்கும் அடங்காத மூலையில் சாமிப் படம் மாட்டினேன். சாம்பிராணி போட்டேன். போதாததற்கு வடையும் சுட்டேன்.

அதிகாரி அம்மா அண்ணையோடு மேலே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "மிக அழகான வீடு" என்றார். நான் பூரித்துப்போய் அதை அண்ணைக்கு மொழிபெயர்த்தேன். திட்டுவதற்குப் போதாத மொழி என்று அவர் பிரெஞ்சைப் படிக்கவேயில்லை.

அண்ணையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "விசரா! ஆர் உன்னை வெள்ளையடிக்கச் சொன்னது? கலியாண வீடே இது?" என்றவர், வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துச் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டார். ஒரு பாளம் கழன்று பக்கத்து மேசையில் இருந்த வடைத் தட்டில் விழுந்தது. உள்ளே ஈரம் ஊறிய கறுப்புச் சுவர்.

"இப்ப வடிவைப் பாக்கச் சொல்லு!"

அம்மா வடையை மறந்து சுவரைப் படமெடுத்தார். பிறகு, உதவி கிடைக்க இடமுண்டு என்றும், ஆனால் பல வருடங்களுக்கு வாடகையைக் கூட்ட முடியாது என்றும் சொன்னார். "வேலை முடிந்ததும் இவரை மாற்றி வேறு ஒருவரை வைக்கும் எண்ணம் உண்டா?" என்றும் கேட்டார்.

அதை மொழிபெயர்க்கும்போது என் குரல் இறங்கிவிட்டது. காரியத்தையே கெடுக்கப் பார்த்தவனை வைத்திருக்க எந்த வீட்டுக்காரனுக்கு மனம் வரும்?

அண்ணைக்குக் கோபம் தலைக்கேறியது. "இவனை அனுப்பிப்போட்டு நான் நித்திரை கொள்ளுறதே? மடையன், ஒரு சுவரைக்கூட ஒழுங்கா மறைக்கத் தெரியாது. வேறை வீட்டுக்காரன் எண்டால் ரெண்டு நாளிலை கலைச்சுப்போடுவான். பிறகு எங்கை போவான்? இவன் இஞ்சைதான் இருப்பான் எண்டு சொல்லடா அவவுக்கு!"

சொல்ல வேண்டியவன் நான்தான். "நொன், மதாம்", இல்லை அம்மா, என்று மட்டும் சொன்னேன். பிறகு வடைத் தட்டில் கிடந்த பூச்சைப் பொறுக்கத் தொடங்கினேன்.