மேகத் தலையணைக் கடை

இல்லாத கடைக்கு முதல் ஆர்டர் வந்தபோது, மேகம் ஜன்னல் வழியாக எதிர் மாடியில் காயும் போர்வைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணினி ‘டிங்’ என்றது. யாரோ ஒரு பல் டாக்டர், நீல உறை போட்ட தலையணை ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார். வீட்டு விலாசத்தையும் நம்பிக் கொடுத்திருந்தார், பாவம்.

மேகம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பழைய ஆபீஸ் மேனேஜர் வைத்தது. எப்போது கூப்பிட்டாலும் இவன் கண் வானத்தில் இருக்கும். “மேகம் எங்கேப்பா, மிதக்குதா?” என்பார். அந்த வேலையை உதறிவிட்டு, வீட்டில் இருந்தபடியே வெப்சைட் டிசைன் செய்து பெரிய ஆளாகப் போகிறேன் என்று இவன் சொன்னபோது, மனைவி சண்டை போடவில்லை. நிபந்தனை மட்டும் போட்டாள்.

“மழைக்காலம் முடியறதுக்குள்ள ஒரு கஸ்டமரைப் பிடிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா பழையபடி ஆபீஸ். மேனேஜர் உங்க சீட்டை இன்னும் காலியாத்தான் வச்சிருக்காராம்.”

மழை ஒழுங்காக வந்தது. கஸ்டமர்தான் வரவில்லை.

வேலை கிடைக்காத டிசைனர் சும்மா இருக்க முடியுமா? தன் திறமையைக் காட்ட மாதிரிக்கு ஒரு வெப்சைட் செய்தான். கடைக்குப் பெயர் மேகத் தலையணை. வெளிறிய நீலத்தில் மேகங்கள் இடமிருந்து வலமாக நகரும். ஒரு தலையணைமேல் அம்புக்குறியைக் கொண்டுபோனால் அது மெல்ல உப்பி, பெருமூச்சு விட்டு அடங்கும். ‘நீங்கள் தலையை வையுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று கீழே ஒரு வரி. செய்து முடித்துப் பார்த்தவன் தானே கொட்டாவி விட்டான். அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மனைவி தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அழகா இருக்கே. யாரோட கடை?”

மாதிரிதான் என்று சொல்ல வாயைத் திறந்தான். “கஸ்டமரோடது” என்றது வாய்.

“நிஜமாவா? முதலாளி யாரு?”

“ஒரு பெரியவர். ரொம்ப கூச்சப்படுவார். யார் கண்ணுலயும் படமாட்டார்.”

“கூச்சப்படறவர் எப்படிங்க வியாபாரம் பண்றார்?”

“அதுக்குத்தானே வெப்சைட்.”

இந்தப் பதிலை நினைத்து அவன் அன்று முழுக்கத் தன்னையே மெச்சிக்கொண்டான். ஆனால் அதற்கு முன்பே வேறொரு வினையை இழுத்து வைத்திருந்தான். மாதிரி வெப்சைட்டில் ‘வாங்க’ என்ற பட்டனைச் சும்மா பொம்மையாக விட்டுவிடுவதுதான் தொழிலில் வழக்கம். இவனுக்கு மனசு வரவில்லை. இவ்வளவு அழகான பட்டன், அழுத்தினால் ஒன்றும் நடக்காவிட்டால் எப்படி என்று, அதைத் தன் ஈமெயிலோடு இணைத்துவிட்டான். பல் டாக்டர் வந்து அழுத்தினார்.

மேகம் யோசித்து, ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று கொட்டை எழுத்தில் போட்டான். அப்பாடா என்று சாய்ந்தான்.

தீர்ந்துபோன சரக்கு என்றால் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் ஆசை வருமோ. ‘அடுத்த தடவை எனக்கு ஒன்று எடுத்து வையுங்கள்’ என்று மெயில்கள் குவிந்தன. சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“என்னங்க, டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கே. பெரியவருக்கு நல்ல ஓட்டம் போலிருக்கு?”

“ஆமா ஆமா” என்றான் மேகம்.

சரி, ஆர்டர் கொடுப்பதையே தொல்லையாக்கிவிடலாம் என்று ஒரு யோசனை பிறந்தது. ‘உங்களுக்கு எந்தக் கனவு வேண்டும் என்று விரிவாக எழுதினால் மட்டுமே தலையணை’ என்று ஒரு கட்டம் போட்டான். வேலை வெட்டி உள்ளவன் எவன் உட்கார்ந்து எழுதப்போகிறான்?

எல்லோரும் எழுதினார்கள். பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஒரு லிஃப்ட் ஆபரேட்டர், ஒரே ஒரு தடவை லிஃப்ட் பக்கவாட்டில் போய்க் கடற்கரையில் கதவு திறக்க வேண்டும் என்றார். பல் டாக்டர் மறுபடி வந்து, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு புன்னகைக்கும் ஓர் ஊர் வேண்டும் என்றார். ஒரு டீச்சர், வகுப்பு முழுவதும் படகாகி ஆற்றில் போகிறது, பிள்ளைகள் தூங்குகிறார்கள், யாரையும் எழுப்ப வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். மேகம் மேஜையிலேயே தலை சாய்த்துப் படித்துப் படித்து அப்படியே தூங்கிப்போவான். திரை திறந்தபடியே கிடக்கும். லிஃப்ட்டும் படகும் அவன் தூக்கத்துக்குள் வந்து போகும்.

ஒரு மெயிலில் மட்டும் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை.

‘என் வீட்டுக்காரர் ஆபீஸ் போன காலத்தில் சாயங்காலம் பிழிந்த துணி மாதிரி திரும்பி வருவார். இப்போது வேலை செய்யும்போது தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார். அந்தச் சிரிப்பு போகாமல் இருக்கிற மாதிரி ஒரு கனவு போதும்.’

மேகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கொடுத்து வைத்த மனுஷன், யாரோ, என்று நினைத்தான். இதற்கப்புறம் இந்த ஜனங்களுக்கு இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை.

மனைவிக்குத் தெரியாத தையல்காரராகப் பார்த்து, நாலு தெரு தள்ளி ஒருவரைப் பிடித்தான். சந்துக்குள் ஒரு அறை, இரண்டு மெஷின், மூலையில் பஞ்சு மூட்டை.

“தலையணை தைக்கணும். நிறைய. விலாசம் எல்லாம் அனுப்பறேன். வர்ற காசை நீங்களே வச்சுக்கோங்க, எனக்கு வெப்சைட் நடந்தா போதும்.”

தையல்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது மேகம் அசந்துபோனான். ஒவ்வொரு உறையின் மூலையிலும் வெள்ளை நூலில் சின்னதாக ஒரு பிறை. உள்ளே ஒரு சீட்டில், வாங்கியவர் கேட்ட கனவு அவர் சொன்னபடியே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

“யாருங்க இது, இவ்வளவு அருமையா?”

“புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க தம்பி. காலைல வந்து மத்தியானம் போயிடுவாங்க. வேலைல ரொம்பக் கறார்.”

அதன்பின் எல்லாம் கனவு மாதிரியே நடந்தது. இவன் திரையில் மேகங்களை நகர்த்தினான். தலையணைகள் ஊரெல்லாம் போயின. மனைவி தினமும் காலையில் அக்கா வீட்டுக்கு என்று சொல்லிப் போய்வந்தாள். வாடகை போனது, பால் வந்தது, விளக்கு எரிந்தது. எப்படி என்று மேகம் கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கிற ஜாதியாக இருந்தால் அவனுக்கு ஏன் அந்தப் பெயர்?

மழை விட்டது. கடைசி மேகங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

“நாளைக்கு உங்க பெரியவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க” என்றாள் மனைவி. “கஸ்டமரைக் கண்ணால பார்த்துட்டேன்னா மேனேஜருக்குப் பதில் சொல்லிடுவேன்.”

மேகம் நேராகத் தையல்காரரிடம் ஓடினான்.

“ஒரு டீ குடிக்கிற நேரம், நீங்கதான் முதலாளின்னு நடிக்கணும். என் பொழைப்பே உங்க கைல இருக்கு.”

“அதுக்கென்ன, வந்தாப் போச்சு. சட்டைகூடத் தேய்ச்சு வச்சாச்சு” என்றார் அவர். எதற்காக என்று கேட்க மேகத்துக்குத் தோன்றவில்லை.

மறுநாள் தையல்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மனைவி டீயோடு வந்ததும் விருட்டென்று எழுந்து நின்றார். மேகம் கண்ணாலேயே கெஞ்சி உட்காரவைத்தான்.

“கூச்சப்படுவீங்கன்னு சொன்னார், சரியாத்தான் இருக்கு” என்றாள் அவள். “வெப்சைட் வேலை திருப்திதானே?”

“இவர் இல்லேன்னா கடையே இல்லீங்க.”

“அப்ப இனிமேலும் இவர்தான் பார்த்துக்கணும். சம்மதமா?”

“நீங்க சொன்னா சரிங்க.”

அவள் அங்கேயே போனை எடுத்தாள். “சார், அந்த சீட்டை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இவருக்கு இங்கயே வேலை நல்லாப் போகுது.”

மேகத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் தன்னை இப்படி நம்புகிறவளை ஏமாற்றிவிட்டோமே என்று உறுத்தியது. இன்றே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அதற்குமுன் தையல்காரரை வழியனுப்பப் படி வரை போனான். உள்ளே அவள் டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது.

“பிரமாதமா நடிச்சீங்க” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். “முதலாளியாவே இருந்தீங்க.”

தையல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

“நான் எங்க தம்பி முதலாளி? நீங்க எனக்கு அனுப்பின மெயிலைத் திரையில பார்த்துட்டு வந்த அன்னிலேர்ந்தே எங்க முதலாளி உங்க வீட்டம்மாதான். ‘வெப்சைட் போடறவர் ரொம்ப கூச்சப்படுவார், அதனால நீங்களே முதலாளியா வந்து உக்காருங்க’ன்னு முந்தாநாளே சொல்லிட்டாங்களே.”