வாணிக்கு ஒரு பேனர்

"அண்ணே, அண்ணிக்கு என்ன போஸ்டிங்னு சொல்லுங்க, டைப் பண்ணிர்றேன்" என்றான் விக்ரம்.

மதுரை காளவாசலில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிற விக்ரம் கேட்டது சாதாரணக் கேள்விதான். ஆனால் சங்கிலி வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். கட்டிய மனைவிக்கு அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை வேலையில் சேரப் போகிறாள். என்ன வேலை என்று அவனுக்குத் தெரியாது.

தமிழ்வாணி சொல்லாமல் இல்லை. அவள் சொன்னபோதெல்லாம் இவன் போனில் இருந்தான். ஒத்தக்கடையில் பாதி வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவனுக்குப் போன் காதை விட்டு இறங்குமா? "ஆங்... ஆங்... சூப்பர்" என்று அவளுக்குத் தலையாட்டிவிட்டு, "ரெண்டு கேனா மூணா சார்?" என்று போனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது போய் "என்ன வேலைம்மா?" என்று கேட்டால் குடும்பம் விளங்குமா?

"அது பெரிய போஸ்டிங்டா மாப்ள. அதிகாரின்னு போடு."

"என்ன அதிகாரிண்ணே?"

"அதிகாரின்னா அதிகாரிதான். அதுல என்னடா பிரிச்சுப் பாக்குறது?"

இருந்தாலும் மனசு கேட்காமல் வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டான். "வாணி, திங்கக்கெழம ஆபீஸ் போனதும் மொத என்ன வேல பாப்ப?"

"கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

கொஞ்ச நாளாக அவள் பேச்சு அப்படித்தான். சோறு இருக்கு. புள்ள தூங்கிட்டான். கேஸ் வந்துருச்சு. கதவைச் சாத்துங்க. அவ்வளவுதான்.

காரணம் இல்லாமல் இல்லை. சங்கிலி கெட்டவன் கிடையாது. தன்னைப் பற்றிப் பேசாமல் ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக்கூட அவனால் பாராட்ட முடியாது, அது ஒன்றுதான் குறை. ரிசல்ட் வந்த அன்று சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் கூடியபோது நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"நான்தான் படின்னேன். நான்தான் புக்கு வாங்கியாந்தேன். அவ படிக்கணும்னு நான் டிவி சவுண்டக் கொறச்சு வச்சேன்ல!"

அவன் பேசி முடித்தபோது பரீட்சை எழுதியது யார் என்பதே சிலருக்குக் குழப்பமாகிவிட்டது. ஒரு பெரியவர் சங்கிலியின் இரண்டு கையையும் பிடித்து, "இந்த வயசுல பாஸ் பண்ணிட்டியேப்பா!" என்று கண் கலங்கிவிட்டுப் போனார். தமிழ்வாணி எல்லாருக்கும் டீ கொடுத்து, டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"ஒங்க பேரக் கலக்காம என்னையப் பத்தி நாலு வார்த்த சொல்லத் தெரியுமா ஒங்களுக்கு? என்னைக்குச் சொல்றீங்களோ அன்னைக்குப் பேசுறேன்."

சங்கிலிக்குச் சுருக்கென்றது. அவள்மீது அவனுக்கு மலையளவு பெருமை உண்டு. அதை எடுத்து வெளியே வைக்கத்தான் வழி தெரியவில்லை. மதுரைக்காரனுக்கு வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல ஆண்டவன் கொடுத்த வழி ஃப்ளெக்ஸ். திங்கட்கிழமை காலையில் அவள் ஆபீசுக்குப் பஸ் ஏற வரும்போது, ஒத்தக்கடை ஸ்டாப்புக்கு எதிரே அவள் முகம் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவள் அண்ணாந்து பார்க்க வேண்டும், சிரிக்க வேண்டும், பழையபடி பேச வேண்டும். அவனுக்கு வேண்டியதெல்லாம் அதுதான்.

விக்ரம் டிசைனைக் காட்டினான். நடுவில் கூலிங்கிளாசோடு, காதில் போனோடு சங்கிலி. தோளுக்கு மேலே ஒரு ஓரமாகத் தபால்தலை அளவுக்கு ஒரு கட்டம்.

"அதுல அண்ணி வருவாங்க" என்றான் விக்ரம்.

பேனர் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் ஆபத்து என்று சங்கிலிக்கே பட்டது. "என்னயச் சின்னதாக்குடா. அவள நடுவுல போடு."

"அண்ணி போட்டோ குடுங்க."

சங்கிலி போனைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். திருவிழாவில் அவன், வண்டிக்கு முன்னால் அவன், ஜிகர்தண்டாவோடு அவன். தமிழ்வாணியும் இருந்தாள். ஒரு படத்தில் காது, ஒரு படத்தில் தோள்பட்டை, இன்னொன்றில் தட்டு நீட்டுகிற கை. அத்தனையையும் ஒட்டவைத்தாலும் முழு ஆள் தேறாது. தன் போனை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

கடைசியில் அகப்பட்டது கல்யாணப் போட்டோ. விக்ரம் அவளை மட்டும் வெட்டி எடுத்தான்.

"தோள்ல ஒரு கை இருக்குண்ணே."

"என் கைதான். இருந்துட்டுப் போகுது."

சும்மா இருக்காமல் சங்கிலி டிசைனைப் போனில் ஸ்டேட்டஸ் வைத்தான். அங்கே பிடித்தது சனி. முதலில் அவனுடைய அக்கா பாண்டீஸ்வரி கூப்பிட்டாள்.

"ஏன்டா, நாத்தனான்னு ஒருத்தி நான் இருக்கேன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? என்னையும் ஒங்க மச்சானையும் போடு. அவருக்கு மீசை தெரியணும்."

"அண்ணே, எடம் பத்தல. அண்ணிய லேசா ஓரமாத் தள்ளிக்கிறவா?" என்றான் விக்ரம்.

"தள்ளிக்க. அவ கோவிச்சுக்க மாட்டா."

அடுத்து தமிழ்வாணியின் அண்ணன் கருப்பு. "என்ன மாப்ள, பொண்ணு குடுத்தவங்க நாங்க என்ன கேணப்பயகளா?" கருப்பு குடும்பத்தோடு பேனருக்குள் ஏறினான். கருப்பைப் போட்டபின் அவன் தம்பியை விட்டால் வெட்டுக்குத்தாகிவிடும். சங்கிலியின் சேக்காளிகள், கேன் போடுகிற சக முதலாளிகள் என்று டவுன்பஸ்ஸில் ஏறுவதுபோல் ஆள் ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் விக்ரம் கேட்டான், ஒவ்வொரு தடவையும் சங்கிலி "தள்ளிக்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் கட்டைச் சட்டத்தில் ஃப்ளெக்ஸை மடித்து ஆணியடித்து, கம்பத்தில் ஏற்றிக் கட்டினார்கள். சங்கிலி நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் எதிரே டீக்கடையில் நின்று பேனரை அண்ணாந்து பார்த்தவனுக்குக் குடித்த டீ மூக்கில் ஏறியது. அக்கா இருந்தாள். மச்சானின் மீசை இருந்தது. கருப்பு, கருப்பின் தம்பி, சேக்காளிகள், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். 'அதிகாரியே வருக' என்ற எழுத்துகூட இருந்தது. அதிகாரியைக் காணோம். தள்ளித் தள்ளி ஓரத்துக்குப் போனவள், சட்டத்தில் மடித்து ஆணியடித்தபோது பின்பக்கம் போய்விட்டாள். தோளில் கிடந்த அவனுடைய கை மட்டும் முன்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ!" என்று ஓடி, கேன் ஏற்றுகிற தன் குட்டியானை வண்டியைக் கம்பத்தடியில் நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறினான். மடிப்பை விரல் விட்டு நெம்பிக்கொண்டிருந்தபோது கீழே குரல் கேட்டது.

"என்ன பண்றீங்க?"

புதுப் பருத்திச் சேலையில் தமிழ்வாணி நின்றுகொண்டிருந்தாள். பேனரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அது வந்து வாணி... நீ பின்னாடி இருக்க" என்றான் சங்கிலி.

"தெரியும்" என்றாள். "எறங்குங்க, விழுந்து தொலைச்சுராதீங்க." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

சங்கிலி கூரையிலிருந்து குதித்தான். சாயங்காலம் அவள் திரும்பி வருவதற்குள் இதைச் சரி செய்தாக வேண்டும். வீட்டுக்கு ஓடி, வேலைக்காக அவள் எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் ஒன்றை எடுத்துக்கொண்டு காளவாசலுக்குப் பறந்தான்.

"டேய், இவள மட்டும் பெரிசா அடி. வேற ஒரு பய இருக்கக் கூடாது. எழுத்தும் வேணாம்."

மத்தியானத்துக்குள் கொண்டுவந்து பேனருக்குக் கீழே கட்டினான். தள்ளி நின்று பார்த்தான். தமிழ்வாணி மட்டும், சிரிக்காமல், நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் மொட்டையாக இருப்பதுபோல் பட்டது. பூக்கடைக்குப் போய் நல்ல கனமான சம்பங்கி மாலை ஒன்று வாங்கிவந்து படத்துக்குப் போட்டுவிட்டான்.

அப்போதுதான் கடைசிக் கேன் லோடு ஞாபகம் வந்தது. இறக்கிவிட்டுத் திரும்பி வந்தால், கம்பத்தடியில் கூட்டம். டீக்கடைக்காரர் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மனசத் தேத்திக்கப்பா. காலையிலகூட பஸ் ஏறுச்சே அந்தப் புள்ள!"

பக்கத்துத் தெருப் பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றார்கள். கேன் வாங்குகிற வாத்தியார் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, "எத்தன மணிக்கு எடுக்குறீங்க?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"எத எடுக்குறது?" என்றான் சங்கிலி. பிறகு படத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். "அடச்சீ!"

அவன் மாலையைப் பிடுங்கப் பாய்ந்த நேரத்தில் ஒரு பஞ்சாயத்து டிராக்டர் வந்து நின்றது. ஏணியோடும் அரிவாளோடும் நாலு பேர் இறங்கினார்கள். காக்கிச் சட்டை போட்ட சூப்பர்வைசர் மொக்கையன் அண்ணாந்து பார்த்தார்.

"யாரு பேனருண்ணே இது? அனுமதி இல்லாத பேனர் இந்த ரோட்டுல ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு மேடம் ஆர்டர். கழட்டுங்கப்பா."

"ஏய், கைய வச்சே!" சங்கிலி கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "இவ யாருன்னு தெரியுமாய்யா? அதிகாரி! ஒரு போன் போட்டேன்னா ஒங்க மேடமே ஓடி வரும்."

"போடுங்கண்ணே" என்றார் மொக்கையன் பொறுமையாக. மாலை போட்ட படம் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. முகம் மாறியது. "அடடா, கேத வீடா! முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே? இருங்க, நாளைக்கு எடுத்துக்கலாமான்னு மேடத்துக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

இருவரும் போன் போட்டார்கள். வாணிக்குப் போட்ட சங்கிலிக்கு, தொடர்பு கொள்ளும் நபர் வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பதில் வந்தது. மொக்கையனுக்கு உடனே கிடைத்துவிட்டது.

"மேடம், ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ஒரு எழவு வீட்டு பேனருங்க மேடம். பாவம், சின்ன வயசு. புருஷங்காரரு புத்தி பேதலிச்சுக் கம்பத்தக் கட்டிப் புடிச்சிருக்காரு மேடம்..."

"யோவ், எவன்யா எழவுன்னது?" என்று கத்தினான் சங்கிலி. அடிவயிற்றிலிருந்து வந்த கத்தல். மேலூர் ரோட்டில் போன பைக்குகள் நின்றன.

"அவ சாகலைய்யா! ஜெயிச்சிருக்கா! புள்ளைக்கிச் சோறு கட்டிக்கிட்டே படிச்சா. ஜன்னக் கம்பியில புக்கச் சொருகி வச்சுக்கிட்டு, பாத்திரம் வெளக்கிக்கிட்டே படிச்சா. டிவி காதக் கிழிக்கும், அதுக்குள்ள உக்காந்து படிச்சா. ஒருத்தரு சவுண்டக் கொறச்சதில்ல. ரெண்டு தடவ பெயிலாயி, அழுததக்கூட யாருக்கும் காட்டாம மூணாந்தடவ காய்ச்சலோட போயி எழுதுனா. எவனும் ஒரு துரும்பக் கிள்ளிப் போடல. அம்புட்டும் அவ! அவ ஒருத்தி! இந்த ஜில்லாவுலயே அவள மாதிரி ஒரு பொம்பள இருந்தா கொண்டாந்து காட்டுங்கய்யா பாப்போம்!"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வெட்கமாக இல்லை, நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது. இத்தனை நேரம் பேசியதில் சங்கிலி என்ற ஆள் ஒரு இடத்திலும் வரவில்லை என்பது சங்கிலிக்கே தெரியாது. வாத்தியார் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கை தட்டினார். டீக்கடைக்காரரும் தட்டினார்.

மொக்கையன் மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "சரிங்க மேடம்... சரிங்க மேடம்..." என்று குழம்பிக்கொண்டிருந்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சங்கிலியின் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, நீங்க பேசுன அம்புட்டையும் புது மேடம் லைன்லயே கேட்டுட்டாங்க. பேனரக் கழட்டத்தான் சொல்றாங்க, ஆனா கிழிக்காம மடிச்சு ஒங்க கையிலயே குடுக்கணுமாம்... அப்புறம், வீட்டுக்குப் போறப்ப தோசை மாவு வாங்கிட்டுப் போவீங்களாம்."