கிளைவ் ஆட்டர்பர்ன் நாற்காலியில் அமர்ந்த படலம்

ஆஸ்திரேலியாவின் நரப்ரை நகரத் தகரக் கொட்டகையில் ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலிக் கழகத்தின் தலைவனாகப் பதினைந்தாண்டு வீற்றிருந்தவனும், முப்பதாண்டுக்கு முன் மூன்றாம் முயற்சியில், புள்ளியும் கோடுமாய்த் தட்டும் மோர்ஸ் தந்திமொழித் தேர்வை வென்றவனும், அவ்வெற்றியை அதன்பின் எவரையும் ஒருநாளும் மறக்க விடாதவனுமாகிய கிளைவ் ஆட்டர்பர்ன் என்னும் கலங்காக் கட்டைவிரலோனை முதற்கண் வணங்குவோம்!

ஹாம் உரிமத் தேர்வு எதைச் சோதிக்க வேண்டும் என்று அரசு கருத்துக் கேட்க, சனிக்கிழமை காலையிலேயே போர் மூண்டது. தேர்விலிருந்து எடுத்துவிட்ட மோர்ஸைத் திரும்பக் கட்டாயமாக்குக என்று கிளைவ் கர்ச்சித்தான். அது இல்லையேல் தன் வாழ்நாள் வெற்றிக்கே மதிப்பில்லை என்பது அவன் நெஞ்சறிந்த துயரம். யூக்கலிப்டஸ் மரவுச்சிக்கு ஏரியல் கம்பி எறியத் தெரியாதவனுக்கு உரிமம் எதற்கு என்று எதிர்முழக்கமிட்டான் கழக உறுப்பினனான ஏணிவீரன் டெஸ். லாமிங்டன் கேக்குகள் நசுங்கின. கழகத்தின் பதிலை முடிவுசெய்யும் வாக்குகள் நாலுக்கு நாலாய் நின்றன. ஒன்பதாம் வாக்கு நோலீனுடையது. ஆடுகள் குட்டி ஈனும் வேளையாதலால், பதினொரு மணிக்குப் பண்ணையிலிருந்தே வானொலியில் சொல்வதாக அவள் உறுதி கூறியிருந்தாள்.

பத்தே முக்காலுக்குக் கிளைவ் சிங்கமென நாற்காலியில் சாய்ந்தான். மேசையிலிருந்து நழுவிய மைக் அவனுக்கடியில் கிடந்ததையோ, அதன் பொத்தான் அமுங்கியதையோ, பேச்சு வெளியே போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு முதுகுக்குப் பின்னே எரிந்ததையோ அவன் அறிந்தானில்லை.

"நோலீனுக்கு மோர்ஸப் பத்தி என்னய்யா தெரியும்? அவ சுட்ட கேக்க நாலு வார்த்த புகழ்ந்தா ஓட்டு நம்ம பக்கம்! வாயில வைக்க முடியாது, அது வேற விஷயம்!" என்று தன் பக்கத்தாரிடம் முழங்கினான்.

பதினொன்று அடித்தது. வானொலி வாய்திறக்கவில்லை. "பயந்துட்டா!" என்று வெற்றி முழக்கமிட்ட வீரன், புள்ளியும் கோடுமாய் மேசையைக் கட்டைவிரலால் அறைந்து, உலகின் பேரிரைச்சலை ஊடுருவும் மோர்ஸின் மாண்பை மேலும் அரைமணி நேரம் பாடினான்.

அப்போது புழுதி கிளப்பி வந்து நின்றது ஒரு வண்டி. பிறந்து ஒருநாளேயான குட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடி, அவனுடைய பள்ளிக்கூடத் தோழியான நோலீன் உள்ளே நுழைந்தாள்.

"டேய் கிளைவ், மொதல்ல எந்திரிடா! முக்கா மணி நேரமா மைக்கு மேல உக்காந்துக்கிட்டுக் கத்துற. நான் எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? நீ பொத்தான விட்டாத்தானே காதுல விழும்! என் கேக்கு லட்சணத்த ஊரே கேட்டாச்சு."

அவன் எழுந்தான். விளக்கு அணைந்தது. அக்கணமே ஒலிபெருக்கியில் சுற்றுவட்டாரப் பண்ணைகள் ஒவ்வொன்றாய்ச் சிரித்தன.

"தேர்வுல மொதல்ல இத வைங்க," என்றாள் நோலீன். "பேசி முடிச்சா பொத்தான விடுறானா, அடுத்தவன் சொல்றதக் கேக்குறானா, அதப் பாருங்க. மோர்ஸு, மரத்துல கம்பி எறியறது எல்லாம் அப்புறம்."

எட்டுக் கைகள் ஈட்டிகளென உயர்ந்தன. எரிந்த முகமும் உடைந்த நெஞ்சுமாய், முப்பதாண்டுப் பெருமையை விழுங்கி, ஒன்பதாவதாக எழுந்தது கலங்காக் கட்டைவிரலோனின் கை.

பிறகு நோலீன் டீ குடித்து முடிக்கும்வரை கிளைவ் அந்த ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொல்வதையெல்லாம் கேட்டபடி உட்கார்ந்திருந்தான்.