சீனியர் ஆள்

முன்கதவைச் சாத்தி, பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் உஷார் வந்தவரை உட்காரச் சொன்னார்.

ஆபீசில் அவருக்கு 'உஷார்' என்றுதான் பெயர். தபால்தலை வாங்கினால்கூட ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசை நீட்டுவார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுச் சமையலறை பாதியில் நின்றது. பழைய மேடையை இடித்தாயிற்று. புது அலமாரிகள் கதவில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. மனைவி கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். இன்று சாயங்காலம் திரும்பி வருகிறாள், தங்கையின் புருஷனையும் கூட்டிக்கொண்டு.

அந்தச் சகலைதான் சிக்கல். போன வருஷம் சகலை தன் வீட்டு கிச்சனுக்கு மொத்தப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தார். கிச்சன் போட வந்தவன் "ஸ்க்ரூ வாங்கிட்டு வரேன்" என்று போனவன்தான். அன்றிலிருந்து உறவுக்காரர் கூடுகிற இடமெல்லாம் உஷார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இந்தக் கோலத்தைச் சகலை பார்த்துவிட்டால் மிச்ச ஆயுளுக்கும் தலை நிமிர முடியாது.

உஷார் ஏமாறவில்லைதான். முன்பணத்துக்கு மேல் சல்லிக்காசு தரவில்லை. பாக்கிக்கு பேங்கில் லோன் கேட்டிருந்தார், அதையும் வேலை முடிந்த பிறகுதான் கொடுப்பார். ஆனால் பணம் கண்ணில் படாததால் ஆளும் கண்ணில் படவில்லை. போனில் கத்தித் தீர்த்த பிறகு கிச்சன் கடைக்காரர், "சீனியர் ஆளையே இன்னிக்கு அனுப்புறேன் சார்" என்றார்.

வந்தவர் சீனியராகத்தான் தெரிந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடி, தோளில் பை. வாசலிலேயே, "கிச்சன் வேலை நடக்குற வீடு இதுதானே?" என்று கேட்டார்.

"நடக்கல. இனிமேதான் நடக்கணும்."

"நான் பாத்துட்டுப் போகத்தான் சார் வந்தேன்."

"எல்லாரும் அதைத்தானே செய்யறீங்க? வர்றது, பாக்கறது, போறது. இன்னிக்கு முடிச்சாத்தான் கதவு திறக்கும்."

"சார், நான் யாருன்னா..."

"தெரியும்யா. உங்க கூட்டத்தையே தெரியும்."

"கார்டு காட்டுறேன் சார்!"

"என் சகலைகிட்டயும் காட்டினான், தங்க எழுத்துல. உள்ள வை."

வந்தவர் போனை எடுத்தார். "ஆபீசுக்கு ஒரு வார்த்தை..."

நழுவுவதற்கு முன் எல்லோரும் செய்வது இதுதான். உஷார் போனைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். திரும்பி வரும்போது கையில் சுத்தியல் இருந்தது. சுட்டிக் காட்டத்தான் எடுத்தார், வேறு எண்ணம் இல்லை.

"இந்தக் கதவை அங்க மாட்டு."

"இது என் வேலை இல்ல சார்."

உஷாருக்குச் சிரிப்பு வந்தது. தச்சரும் இதையே சொன்னார், பிளம்பரும் சொன்னார், எலெக்ட்ரீஷியன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"அப்ப தானா முளைக்குமா?"

வந்தவர் சுத்தியலைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தார். சீனியர்களுக்கென்று ஒரு பாணி இருக்கும் என்று உஷார் நினைத்துக்கொண்டார்.

கதவு தலைகீழாக ஏறியது.

"கைப்பிடி ஏன்யா உச்சில இருக்கு?"

"கு... குழந்தைங்க கைக்கு எட்டாது சார்."

நல்ல யோசனைதான். உஷார் டிரில் மெஷினை அவர் கையில் திணித்தார். "மேல் அலமாரிக்குச் சுவர்ல ஓட்டை போடு."

"வேண்டாம் சார்."

"போடுய்யா!"

போட்டார். சுவருக்குள் இருந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்து உஷாரின் மூக்கில் மோதியது.

"வால்வை மூடு!"

"எங்க சார் இருக்கு?"

சற்று முன் கதவு மாட்டிய அலமாரிக்குப் பின்னால் இருந்தது.

"அதைக் கழட்டு!"

"மாட்டறதுக்கே இப்பத்தான் சார் கத்துக்கிட்டேன்!"

இழுத்த இழுப்பில் அலமாரி பாதி பிடுங்கிக்கொண்டு வந்தவர் முதுகில் சாய்ந்தது. உஷார் கட்டைவிரலால் ஓட்டையை அடைத்தார். விரலை எடுத்தால் வீடு முழுகும். முதுகை எடுத்தால் அலமாரி நொறுங்கும். இருவரும் ஈரத்தில் அசையாமல் நின்று ஒருவரையொருவர் முறைத்தார்கள். தண்ணீர் முன்கதவை நோக்கி நிதானமாகப் போயிற்று.

"வேலை தெரியாத உன்னை சீனியர்னு எவன்யா சொன்னான்?"

"நான் சொன்னேனா சார்?" வந்தவருக்கு அழுகை முட்டியது.

பக்கத்துச் சுவரில் இன்டர்காம் அலறியது. கை எட்டாததால் உஷார் நெற்றியால் பொத்தானை அழுத்தினார்.

"சார், வாட்ச்மேன் பேசறேன்," என்றது குரல். "கிச்சன் போடுற சீனியர் ஆளு இப்பத்தான் வந்திருக்காரு, அம்மாவும் உங்க சகலையும் அவரைக் கூட்டிக்கிட்டு மேல வர்றாங்க. அப்புறம், லோனுக்கு உங்க வீட்டைப் பாக்க வந்த பேங்க் ஆபீசர் இன்னும் கீழ இறங்கலயேன்னு அவரோட டிரைவர் கேக்கறாரு சார்."