எல்லையற்ற வகுப்பறையும் ஒரு கண்டென்சரும்

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில், தலைமையாசிரியை ராமாமணி டீச்சருக்கு ஒரே மாதத்தில் இரண்டு காரியங்கள் நேர்ந்தன. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுபோனது. 'எல்லையற்ற வகுப்பறை' என்னும் திட்டம் வந்து சேர்ந்தது.

தண்ணீர் இல்லாத கழிப்பறையை நம்பி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? பெரிய வகுப்புப் பெண்பிள்ளைகள் பத்தொன்பது பேரும் தினமும் மத்தியானச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போனார்கள், பிற்பகலுக்குத் திரும்பவில்லை. எட்டாம் வகுப்பு லோகப்பிரியா மட்டும் போகிறபோது, "நாளைக்கு வாரேனுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அந்தச் சொல்லும் எத்தனை நாளைக்கு என்பதுதான் டீச்சரின் கவலை.

பழுதைக் கல்வித்துறை இணையதளத்தில் பதிவு செய்தாயிற்று. 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் இருபத்திரண்டு நாட்களாக அங்கேயே இருந்தது. அங்கீகாரம் பெற்ற ஒப்பந்ததாரர் தவிர வேறு யாரும் அந்த மோட்டாரைப் பழுதுபார்க்கக் கூடாது என்று உத்தரவு. இத்தனைக்கும் பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கமே மருதாசலத்தின் மோட்டார் பட்டறை. சுற்றுவட்டாரத்தில் பாதி மோட்டார் அவர் கையால் கம்பிச்சுருள் கட்டியது.

திட்டத்தின் சுற்றறிக்கை பதினான்கு பக்கம். வகுப்பறைக் கற்றலை வெளியுலகோடு இணைக்கும் பொருட்டு, புதன்தோறும் ஒரு 'வெளி ஒத்துழைப்பாளர்' செயலி வழியே திரையில் தோன்றிப் பாடம் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம்.

டீச்சர் இரண்டு உத்தரவுகளையும் அருகருகே வைத்துப் படித்தார். மோட்டாரைப் பழுதுபார்க்க அனுமதியில்லை. மோட்டாரைக் கொண்டு பாடம் நடத்தத் தடையில்லை. பாடம் முடியும்போது மோட்டார் ஓடத் தொடங்கிவிட்டால் அது பழுதுபார்த்தல் ஆகாது, கற்றல் விளைவு.

"அதுக்கென்னங்க டீச்சர், மதிலைத் தாண்டி வந்துபோடறேன்" என்றார் மருதாசலம்.

அதற்குள் திட்டத்தின் வட்டார ஒருங்கிணைப்பாளர் மனோஜ்குமார் பைக்கில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"உள்ள வந்துட்டா அவரு எப்படிங்க வெளி ஒத்துழைப்பாளர் ஆவாரு? உள் ஆளாயிருவாருங்களே."

"அப்ப மோட்டாரை அங்க தூக்கிக் குடுத்தரட்டுங்களா?"

"பள்ளிச் சொத்துங்க டீச்சர். வளாகத்தை விட்டு வெளிய போகப்படாது."

"மதிலுக்கு மேலயே கையை நீட்டி..."

மனோஜ்குமார் இதை உண்மையிலேயே யோசித்துப் பார்த்தார். "கை எந்தப் பக்கமுங்க இருக்கும்?"

புதன்கிழமை பத்து மணி. மதிலோரம் மோட்டார், அதன் பக்கத்தில் பெஞ்சின் மேல் திரை, எதிரே பிள்ளைகள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கையில் செல்போனும் மறு கையில், மோட்டார் சுற்றத் தொடங்க உந்துதல் தரும் புதுக் கண்டென்சருமாக மருதாசலம். அவர் பேசினால் குரல் முதலில் மதிலுக்கு மேலே வந்தது. மூன்று விநாடி கழித்துத் திரையில் வந்தது.

"சுவிட்சைப் போடு கண்ணு" என்றது மதில். லோகப்பிரியா எழுந்தாள்.

"உக்காரு அம்மணி" என்றார் மனோஜ்குமார். "முதல்ல வாரது அங்கீகாரமில்லாத குரல்."

"சுவிட்சைப் போடு கண்ணு" என்றது திரை. அவள் மறுபடி எழுந்து போட்டாள்.

மோட்டார் உறுமியது, சுற்றவில்லை.

"கண்டென்சர் போச்சுங்க" என்றார் மருதாசலம் இரண்டு தடவை. "இதைய மாத்துனா ரெண்டு நிமிஷ வேலை." கண்டென்சரைத் தூக்கிக் காட்டினார். திரையில் தெளிவாகத் தெரிந்தது. மதிலுக்கு மேலேயும் கொஞ்சம் தெரிந்தது.

"ஏனுங்க சார், அவரு வீசுனா நான் புடிச்சுக்குவேனுங்க" என்றாள் லோகப்பிரியா.

"செயலியில அதுக்குப் பட்டன் இல்லை அம்மணி."

பாடம் மகத்தான வெற்றி என்று பதிவாயிற்று. மோட்டார் ஏன் ஓடவில்லை என்பதை அத்தனை பிள்ளைகளும் பிழையின்றி எழுதியிருந்தார்கள். பத்து நாளில் தூத்துக்குடி வரை நாற்பது பள்ளிகள் அந்தப் பாடத்தில் திரைவழியே சேர்ந்துகொண்டன. மோட்டார்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது: 'கற்றல் வளம் எண் 7. மாற்றம் செய்யக் கூடாது.'

"ரிப்பேர் பண்ணிட்டா அப்புறம் எதையக் காட்டறதுங்க டீச்சர்?" என்றார் மனோஜ்குமார். "ஓடற மோட்டார் எல்லா ஊட்லயும் இருக்குது."

டீச்சர் பட்டறைக்கு நடந்தார். மருதாசலம் இஸ்திரிச் சட்டை போட்டிருந்தார். சுவரில் 'வெளி ஒத்துழைப்பாளர்' சான்றிதழ் மாட்டியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை ஆருக்கும் தெரியாம வந்து மாட்டிக் குடுத்துருங்கண்ணா. பொம்பளப் பிள்ளைக படிப்புங்க."

மருதாசலம் ஸ்பானரைத் துடைத்தார்.

"வரலாமுங்க டீச்சர். வந்தா உள் ஆளாயிருவேனுங்களே. தூத்துக்குடிப் பிள்ளைக எந்திரிச்சு நின்னு எனக்கு வணக்கம் சொல்லுதுக. இந்த ஊர்ல முப்பது வருஷத்துல ஒருத்தராச்சும் சொல்லியிருக்காங்களா?" என்றார். பிறகு, மனசு கேட்காமல், "ஞாயித்துக்கிழமைக்கு லிங்க் அனுப்புங்க. ஜாயின் பண்ணிக்கறேன்" என்றார்.

அடுத்த திங்களன்று லோகப்பிரியா, "நாளைக்கு வாரேன்" என்று சொல்லாமல் போனாள். செவ்வாய்க்கிழமை பத்தொன்பது இடங்களும் காலையிலிருந்தே காலி.

பாடமாவது போய்ச் சேரட்டும் என்று புதன்கிழமை டீச்சர் அவர்கள் வீட்டு செல்போன்களுக்கு லிங்க் அனுப்பினார். திரையில் பத்தொன்பது கட்டங்கள் முளைத்தன. லோகப்பிரியாவுக்குப் பின்னால் ஓர் எருமை நின்று பாடம் கேட்டது. செயலிக்கு வயதும் தெரியாது, சீருடையும் தெரியாது. இடம் மட்டும் தெரியும். வளாகத்துக்குள் இருப்பவர் மாணவர். வெளியே இருப்பவர் வெளி ஒத்துழைப்பாளர்.

திரையின் மூலையில் வெளி ஒத்துழைப்பாளர் எண்ணிக்கை, மருதாசலத்தோடு சேர்த்து இருபது. மாவட்டத்திலேயே முதலிடம்.

கோயம்புத்தூரில் பாராட்டு விழா. டீச்சருக்குச் சால்வை போர்த்திய கையோடு மனோஜ்குமார் நோட்டைத் திறந்தார். "இத்தனை வெளி ஒத்துழைப்பாளர்களை எப்படிங்க டீச்சர் சேர்த்தீங்க?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் டீச்சர் காத்திருந்தார்.

"தண்ணியில்லீங்க சார். மோட்டார் ஓடலை. பிள்ளைக ஊட்டுக்குப் போயிட்டாங்க."

அவர் ஓர் எழுத்துக்கூட விடாமல் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. வெளி ஒத்துழைப்பாளர்களைப் பெருக்கும் பொருட்டு எல்லாப் பள்ளிகளும் மோட்டாரிலிருந்து கண்டென்சரைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். செயல்விளக்கம்: மருதாசலம். வழிகாட்டி: ராமாமணி.

வழிகாட்ட மாட்டேன் என்று டீச்சர் சொல்லியிருக்கலாம், ஆனால் சால்வை வாங்கியாயிற்று. அந்தப் புதன்கிழமை தண்ணீரில்லாத பள்ளிக்கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார அவராலும் முடியாமல், தம் வீட்டிலிருந்தே லிங்க்கைத் தொட்டார். திரையின் மூலையில் இருந்த எண் இருபத்தொன்று ஆனது.