மேல் தட்டில் ஒன்று அதிகம்

'மார்ச் 11, புதன். ஒரு சிறு தவறு. கிளினிக் அலமாரியின் மேல் தட்டில் அறுபத்து மூன்று பழைய அச்சுகள் என்று என் பட்டியல் சொன்னது. எடுத்து எண்ணியபோது அறுபத்து நான்கு வந்தது. பட்டியலில்தான் பிழை என்று நினைத்து அதைத் திருத்தினேன். பட்டியலில் பிழை இல்லை.'

எழுதி முடித்ததும் 'சிறு' என்ற சொல்லை அவள் அடித்தாள். அடித்தது மிகையோ என்று தோன்றவே, அதற்கு மேலேயே மீண்டும் 'சிறு' என்று எழுதினாள்.

பகலில் அவளுக்கு ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. வாரம் மூன்று மாலை, கழித்துப் போட்ட பொருள்களைக் கொண்டு கலைப்படைப்பு செய்யும் வகுப்பு. அங்கே மற்றவர்கள் கிடைத்ததைக் கிடைத்தபடி ஒட்டினார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து, நோட்டில் ஏற்றிய பிறகுதான் பசையைத் திறப்பாள். அதனால் வகுப்பில் அவளுக்குப் 'பட்டியல்' என்று பெயர்.

முதல் பருவத்தில் பாட்டில் மூடிகளை நிறவாரியாக அடுக்கிப் பலகை ஒன்று செய்தாள். "இது படைப்பா, ஸ்டாக் எடுக்கறதா?" என்று ஆசிரியர் கேட்டார். இரண்டாம் பருவத்தில் உடைந்த குடைக் கம்பிகள். "ரொம்ப நேரா நிக்குது" என்றார். இரண்டுமே கண்காட்சிக்குப் போகவில்லை.

மூன்றாவதற்கு வழி கிளினிக்கிலேயே கிடைத்தது. பத்து நாள் வெளியூர் கிளம்பும் அவசரத்தில் டாக்டர் அலமாரியைக் காட்டி, "மேல் தட்டுல இருக்கற அச்செல்லாம் தூக்கிப் போட்டுடும்மா. பத்து வருஷத்துப் பழசெல்லாம் கெடக்கு" என்றார். பல் கட்டவும் உறை செய்யவும் நோயாளிகளின் வாயில் அளவெடுத்து வார்த்த வெள்ளைப் பிளாஸ்டர் தாடைகள் அவை.

"வகுப்புக்கு நான் எடுத்துக்கலாமா டாக்டர்?"

"எடுத்துக்கோ. ஆனா யாரோட வாய்னு யாருக்கும் தெரியக் கூடாது. அது நம்ம பொறுப்பு."

அந்தப் பொறுப்பை அவள் முழுதாக ஏற்றுக்கொண்டாள். ஒவ்வொரு அச்சின் அடியிலும் பென்சிலில் ஒரு பெயர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, உப்புத்தாளால் பெயர்களைத் தேய்த்து அழித்தாள். தானும் படித்துவிடக் கூடாது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு தேய்த்தாள்.

அக்கா தட்டோடு வந்து நின்றாள். "ஏன்டி, சாப்பிடற இடத்துல அறுபது பேர் வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்காங்க. நான் எங்க உக்கார்றது?"

"அறுபத்து நாலுக்கா."

"ஆமா, அந்த நாலு பேருக்குத்தான் நான் பயந்தேன்."

திங்களன்று இரண்டு பூச்சு சாம்பல் நிறப் பெயின்ட். செவ்வாயன்று, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய கதவுப் பலகையில் பிளாஸ்டர் பரப்பி, வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை பதித்தாள். தள்ளி நின்று பார்த்தால் தாடை என்றே தெரியவில்லை. உறைந்துபோன அலைகள் போல இருந்தது. ஓடு வேய்ந்த கூரை போலவும் இருந்தது. 'பெயரிடப்படாதது 3' என்று சீட்டு எழுதி வைத்தாள்.

ஆசிரியர் இரண்டு தடவை சுற்றி வந்தார். "மூச்சு விடத்தான் இடமில்ல. பரவாயில்ல, சனிக்கிழமை கண்காட்சிக்கு வச்சிடலாம்."

'பரவாயில்லை' என்ற சொல்லைத் தேதியோடு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் புதன்கிழமை காலை, கைக்குட்டைக்காரர் கிளினிக்குக்கு வந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நான்காக மடித்த கைக்குட்டையை வாயருகே பிடித்தபடிதான் எப்போதும் பேசுவார்.

"என்னோட கீழ்ப்பல் அச்சு லேபுக்குப் போயிடுச்சாம்மா?"

அவள் கீழ்த் தட்டைப் பார்த்தாள். இப்போது சிகிச்சையில் இருப்பவர்களின் அச்சுகள் வைக்கும் இடம் அது. அங்கே இல்லை. பிறகு, தலையை மெல்ல நிமிர்த்தி, துடைத்து வைத்த காலி மேல் தட்டைப் பார்த்தாள்.

போன வெள்ளிக்கிழமை அவருடைய கீழ்த்தாடை அச்சு வார்க்கும்போது விரிசல் விட்டது. டாக்டர் இரண்டாம் முறை வார்த்தார். ஈரம் காய வேண்டும். ஜன்னல் வெயில் விழுவது மேல் தட்டில்தான். அங்கே கொண்டுபோய் வைத்தது அவளேதான். பல் செய்துதரும் லேபுக்காரர் சனிக்கிழமை வந்து, மேல்தாடை அச்சையும் டாக்டர் எழுதிய சீட்டையும் மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார். அவர் போன பின்தான் அவள் மேல் தட்டைக் காலி செய்தாள்.

"லேபுக்காரர் வெள்ளிக்கிழமை வராரு சார்" என்றாள். அது பொய் இல்லை.

"அடுத்த வாரத்துக்குள்ள பல் வந்துடணும்மா. இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு, வீட்டைக் காலி பண்ணிட்டு மக வீட்டோட போயிடறேன். போன அன்னிக்கே, எனக்கு மட்டும் தனியா குழைச்சு வைங்கன்னு சொல்லிட்டு உக்கார முடியுமா? பல்லோட போகணும்."

லேபுக்கு ஒரு வாரம் வேண்டும். டாக்டர் வர அடுத்த புதன் ஆகும். அவர் வந்து புதிதாக அளவெடுத்தால் நாள் தாண்டிவிடும். அந்த அச்சைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அன்று மாலை பலகையின் முன் உட்கார்ந்து பிரித்தாள். கீழ்த்தாடைகள் முப்பத்தொன்று. அவற்றில் பல் குறைந்தவை போலத் தெரிந்தவை பத்தொன்பது. பிளாஸ்டரில் பாதி புதைந்திருந்ததால் அந்தப் பத்தொன்பதிலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. எந்தெந்தப் பல் இல்லை என்று எழுதிய சீட்டு லேபில் இருந்தது. போன் செய்து கேட்கலாம். ஆனால் லேபுக்காரருக்கு ஓட்டை வாய். அவர் போனை வைப்பதற்குள் டாக்டருக்குச் செய்தி போய்விடும்.

ஆகவே கைக்குட்டைக்காரரின் வாயையே பார்த்துவிடுவது என்று முடிவு செய்து, வியாழக்கிழமை காலை அவரை வரவழைத்தாள்.

"பதிவுக்கு ஒரு போட்டோ வேணும் சார். கொஞ்சம் சிரிங்க."

அவர் கைக்குட்டையை இறக்கி, உதட்டை மூடியபடி சிரித்தார்.

"பல் தெரியற மாதிரி."

"தெரியற மாதிரி இருந்தா நான் ஏம்மா இங்க வரேன்?"

"சரி சார், ஒரே ஒரு தடவை 'ஆ' சொல்லுங்க."

"டாக்டர் இல்லாம நான் வாயைத் திறக்கறதில்ல."

அவள் செல்போனைக் கீழே வைத்தாள். அதற்கு மேல் அவளுக்குத் தாங்கவில்லை. அறுபத்து மூன்று, அறுபத்து நான்கு, உப்புத்தாள், சாம்பல் பெயின்ட், கதவுப் பலகை என்று வரிசை மாறாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "மத்ததெல்லாம் யாரோடதும்மா?" என்று கேட்டார்.

"பழைய ஆளுங்களோடது சார். பத்து வருஷம் வரைக்கும் பழசு. பேரெல்லாம் அழிச்சுட்டேன், யாருக்கும் தெரியாது."

அவர் கைக்குட்டையைப் பிரித்து மடித்தார். மறுபடி பிரித்து மடித்தார்.

"நானே வந்து பாக்கறேன்."

"பாத்தா தெரியுமா சார்?"

"தெரியும்."

அன்று மாலையே வகுப்புக்கூடத்துக்கு வந்தார். கண்காட்சிக்கு முன்பே வந்துவிட்ட முதல் பார்வையாளர் என்று நினைத்து ஆசிரியர் ஓடிவந்தார்.

"வாங்க, வாங்க. இது அலையா, வயலா, பெரிய கூட்டமா, அது பாக்கறவங்க மனசுல இருக்கு. உங்களுக்கு என்ன தோணுது?"

"வாய்" என்றார் கைக்குட்டைக்காரர்.

ஆசிரியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவள் காதருகே வந்து, "எவ்வளவு ஆழமாப் பாக்கறாரு, கவனிச்சீங்களா?" என்றார்.

அவர் முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாம் வரிசையில் ஒன்றின் முன் ஒரு கணம் நின்றார். லேசாக முகத்தைச் சுளித்துவிட்டு நகர்ந்தார். ஐந்தாம் வரிசையின் நடுவில் நின்றவர் பிறகு நகரவே இல்லை. கைக்குட்டை சட்டைப்பைக்குள் போயிற்று. கட்டைவிரலால் ஓர் அச்சின் முன்பற்களைத் தொட்டார். ஒன்று மற்றொன்றின் தோளில் சாய்ந்ததுபோல இரண்டு பற்கள். சாம்பல் பெயின்டுக்கு மேல் விரல் போய்ப் போய் வந்தது.

"இதுதாம்மா."

"உறுதியா சார்?"

"முப்பத்தாறு வருஷமாத் தெரியும்."

எழுபது வயதுக்காரருக்கு அது ஏன் முப்பத்தாறு என்று அவளுக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் ஒருவருடைய வாயைப் பற்றி அவருடனேயே கணக்குப் பேசும் தகுதி, அறுபத்து மூன்றை அறுபத்து நான்கு என்று திருத்திய தனக்கு இல்லை என்று விட்டுவிட்டாள். அது எண் 37. உளியை எடுத்தாள்.

பிளாஸ்டர் இறுகியிருந்தது. 37 முழுதாக வந்தது. பக்கத்திலிருந்த 36-இன் ஓரமும் 38-இன் ஓரமும் உதிர்ந்தன. பலகையின் நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு குழி விழுந்தது.

ஆசிரியர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "பட்டியல், இதை வேணும்னுதான் எடுத்தீங்களா?"

"இல்ல சார். தேவைப்பட்டுச்சு."

"யாராவது கேட்டா அப்படியே சொல்லுங்க. வேற எதுவும் சேக்காதீங்க."

கைக்குட்டைக்காரர் அச்சை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இதை நானே எடுத்துட்டுப் போகட்டுமா?"

"லேபுக்கு நான்தான் சார் குடுக்கணும்."

"அப்ப வேலை முடிஞ்சதும் அச்சு எனக்கு வந்துடணும். உடையக் கூடாது. இந்தப் பெயின்ட் போகும்ல?"

"போகும் சார்."

அவர் கொடுக்கத் தாமதித்தார். தன் கைக்குட்டையையே பிரித்து, அதில் சுற்றிக் கொடுத்தார். அவர் போன பிறகு அவள் பற்களை எண்ணினாள். பதினான்கு. கீழ் வரிசைக்குப் பதினாறு. ஆகவே இரண்டு இல்லை. கணக்கு நேராயிற்று. அந்த வாரத்தில் முதல் தடவையாக அன்று ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லேபுக்காரர் வந்து வாங்கிப் போனார். இரண்டரைக்குப் போன் வந்தது.

"ஏம்மா, அந்தப் பெரியவர் கீழ்ப்பல்லுன்னு ஒண்ணு குடுத்தீங்களே, நான் எங்கம்மா பல் வைக்கறது?"

"ஏன் சார்?"

"எல்லாப் பல்லும் இருக்கே!"

"பதினாலுதான் இருக்கு."

"ஞானப்பல் ரெண்டு இல்லம்மா. அதைக் கட்டிக்குடுன்னு யாராவது வருவாங்களா? டாக்டர் சீட்டுல முன்பல் நாலு இல்ல, இடது ஓரம் மூணு இல்லன்னு தெளிவா இருக்கு. இது சின்ன வாய். மேல் அச்சோட வச்சா கடிக்கவே மாட்டேங்குது. பெயின்ட் வேற அடிச்சு வச்சிருக்கீங்க. கல்யாண வீடா இது?"

முன்பல் நான்கு, இடது ஓரம் மூன்று. செவ்வாயன்று பலகையைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். பெரிதாக்கித் தேடினாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எண் 23, மூன்றாம் வரிசை. அவர் ஒரு கணம் நின்று முகத்தைச் சுளித்த இடம். புதன்கிழமையே லேபுக்குப் போன் செய்திருந்தால் உளியே தேவைப்பட்டிருக்காது.

"சரியானதை நாளைக்குக் குடுத்தா அடுத்த சனிக்கிழமை பல் கிடைக்குமா சார்?"

"காலையிலயே குடுத்தா கிடைக்கும். பெயின்டை நான் பாத்துக்கறேன். டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, என் வாயால வேண்டாம்."

அவள் கைக்குட்டைக்காரரின் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது ஒரு பெண் குரல். பின்னால், பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக் கிழிக்கும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது.

"அப்பா தூங்கறாருங்க. நான் பொண்ணு பேசறேன், சொல்லுங்க."

"கிளினிக்லேர்ந்து பேசறேங்க. சார் ஒரு அச்சைக் காட்டி அவரோடதுன்னு சொன்னாரு. அது அவரோடது இல்லீங்க. அவரோடது மூணாவது வரிசையில இருக்கு. அதுகிட்ட நின்னுகூடப் பாத்தாரு. பாத்துட்டு ஏன் வேறதைக் காட்டினாருன்னுதான் தெரியல. கண்ணுல ஏதாவது கோளாறு இருக்கலாம், எதுக்கும் ஒருதரம் காட்டிடுங்க."

"அப்பாவுக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியும். எப்படி இருந்துச்சு, அவர் காட்டினது?"

"சின்ன வாய்ங்க. முன்னாடி கீழ்ப்பல் ரெண்டு, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிருக்கும்."

டேப் கிழிக்கும் சத்தம் நின்றது. மறுமுனையில் யாரோ எதன் மேலோ உட்காருவது கேட்டது.

"நாலு நாளா எல்லா ஆல்பத்தையும் புரட்டிட்டு இருந்தாரு" என்றாள் மகள். "அந்த ரெண்டு பல்லை மறைக்கறதுக்காகவே, எங்கம்மா கடைசி வரைக்கும் ஒரு போட்டோவுலகூட வாயைத் திறந்து சிரிச்சதில்லீங்க."

'மார்ச் 13, வெள்ளி. நாளைக்குச் செய்ய வேண்டியவை. காலை எட்டு மணிக்குக் கூடத்தைத் திறக்கச் சொல்லி, 23-ஐப் பெயர்த்து லேபில் கொடுக்க வேண்டும். 37-ஐ அங்கிருந்து திருப்பி வாங்கி, பல்லிடுக்கு வரைக்கும் பெயின்டை எடுத்துவிட்டு, கைக்குட்டையைத் துவைத்து அதில் சுற்றி, அவர் வீட்டில் கொடுக்க வேண்டும். எதுவும் கேட்க வேண்டாம். டாக்டரிடம் சொல்ல வேண்டியதைப் புதனுக்குள் எழுதி வைக்க வேண்டும். பலகையில் இரண்டு இடம் காலியாக இருக்கும், நிரப்பக் கூடாது. பட்டியலைத் திருத்த வேண்டும்: அறுபத்து இரண்டு.'